பள்ளிக்கும் ஓர் ஐந்தொகை

செட்டிநாட்டு ஊர்களில் 'ஐந்தொகை' என்னும் சொல்லை அறியாத முதியோர் இலர். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொண்டுவிற்கச் சென்ற நகரத்தார், தத்தம் கடைகளின் அன்றாட வரவு செலவைச் சிட்டையில் எழுதினர். சிட்டையிலிருந்து பேரேட்டில் ஏற்றினர். பேரேட்டைக் கொண்டு ஐந்தொகை எடுத்தனர். கடல் கடந்த கடையின் நிலைமையைக் கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ திண்ணையில் அமர்ந்திருந்த முதலாளி அந்த ஏட்டைக் கொண்டே அறிந்தார். கடையை நடத்தும் ஏஜெண்டுக்குப் பொதுவாக மூன்றாண்டுத் தவணை. தவணை முடிந்ததும் தமக்குப் பின் வருபவரிடம் கணக்கை ஒப்படைத்து, வசூலாகும் கடன் இன்னது, வராக்கடன் இன்னது என்று விளக்கிய பின்னரே அவர் ஊருக்குக் கப்பல் ஏறுவார்.

கோயில் காரியமும் அவ்வாறே. திருமணமான ஒவ்வோர் இணையரையும் ஒரு 'புள்ளி' எனக் கொண்டு கோயிலில் பதிவதும், புள்ளிக்கு இவ்வளவு என வரி எழுதுவதும் நகரத்தாரிடையே நெடுநாளைய வழக்கம். ஆகவே புள்ளிவிவரம் என்பது இந்நாட்டுக்குப் புதுச்சரக்கு அன்று.

ஆனால் அதே ஊரில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியைப் பற்றி ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். "எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள்?" என்றால், "ஐம்பது அறுபது இருக்கும்" என்பார். "நாள்தோறும் எத்தனை பேர் வருகிறார்கள்?" என்றால், "பெரும்பாலும் வந்துவிடுவார்கள்" என்பார். "மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு பத்தியைத் தடங்கலின்றிப் படிப்பார்கள்?" என்று கேட்டால், ஆசிரியரிடம் கேட்க வேண்டும் என்று கூறி எழுந்துவிடுவார். கண்மாயில் எத்தனை அடி நீர் நிற்கிறது, அது எத்தனை நாள் பாயும் என்று விரல் விட்டுச் சொல்லக்கூடியவர்தாம் அவர். பள்ளிக் கணக்கு மட்டும் அவருக்கு 'இருக்கும்', 'வந்துவிடுவார்கள்' என்ற அளவிலே நின்றுவிடுகிறது. இந்நிலையை மாற்றுவது எவ்வாறு என்பதையே இங்கு ஆராய விழைகிறோம்.

1958-இல் நடந்தது

பள்ளியைச் சீர்செய்ய ஊர் கூடித் திட்டமிடுவது தமிழகத்துக்குப் புதிதன்று. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956-இல் பகல் உணவுத் திட்டம் தொடங்கியபோதே ஊராரின் நன்கொடைக்கு அதில் இடம் இருந்தது. அந்த அனுபவத்தின் மேல் எழுந்ததுதான் பள்ளிச் சீரமைப்பு இயக்கம். அப்போது பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் 1958-ஆம் ஆண்டு முதல் சீரமைப்பு மாநாடு கூடிற்று. பின்னர் மாநிலம் முழுவதும் அத்தகைய மாநாடுகள் பரவின.

அவ்வியக்கத்தின் முறை எளியது. முதலில் பள்ளிதோறும் தேவைப் பட்டியல் தயாராகும். கரும்பலகை இத்தனை, பெஞ்சு இத்தனை, கடிகாரம் ஒன்று, குடிநீர்ப் பானை இரண்டு, வெள்ளையடிக்க இவ்வளவு, கூரை மாற்ற இவ்வளவு என்று விலையோடு எழுதப்படும். பட்டியலை ஊரார் முன் படிப்பர். ஒருவர் கடிகாரத்தை ஏற்றுக்கொள்வார். மற்றொருவர் மேசையை ஏற்றுக்கொள்வார். பணம் இல்லாதவர் நான்கு நாள் உழைப்பைத் தருவதாக எழுதிக் கொடுப்பார். மாநாடு என்பது அந்த வாக்குறுதிகளையும், முடித்த வேலைகளையும் எல்லாரும் அறியச் சொல்லும் இடம். பொதுவாக 'பள்ளிக்கு ஏதாவது செய்யுங்கள்' என்று கேட்டால் மக்கள் தயங்குவர் என்பதும், 'இந்தப் பள்ளிக்கு ஆறு பெஞ்சு வேண்டும்' என்று கேட்டால் ஆறு பேர் எழுவர் என்பதும் அவ்வியக்கம் கண்ட உண்மை. பட்டியல்தான் கொடையை இழுத்தது.

செட்டிநாடு அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கல்விக்குக் கொடுப்பதில் இப்பகுதி யாருக்கும் பின்னிற்கவில்லை. கோட்டையூரில் 1909-இல் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி கண்டதையும், மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கியதையும், 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அந்த ஆய்வகம் 1953-இல் திறக்கப்பட்டதையும் இவ்வூர்ச் சிறுவரும் அறிவர். இன்றும் வெளிநாட்டில் வாழும் அன்பர்கள் பிறந்த ஊருக்கு வரும்போது பள்ளிக்கு எதையேனும் செய்துவிட்டே போகின்றனர். கொடைக்குக் குறைவில்லை. எதற்குக் கொடுப்பது என்னும் கணக்குத்தான் குறைவு. ஓர் ஊரில் நன்கொடையாளர் பெயர் பொறித்த பளிங்குக் கல்லோடு அழகிய முகப்பு வளைவு எழுந்திருந்ததை நாம் கண்டோம். அதற்கு இருபது கஜத்துக்குள் பெண்பிள்ளைகளின் கழிப்பறையில் குழாய் இருந்தது, நீர் இல்லை. கொடுத்தவர் மீது குற்றம் இல்லை. அவரிடம் பட்டியலை நீட்டுவார் ஒருவரும் அன்று இல்லை.

பழைய இயக்கத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. அது பெரிதும் பொருள்களை எண்ணிற்று. கூரையற்ற பள்ளிகள் மலிந்த காலத்தில் அதுவே முறை. இன்று பெரும்பாலான பள்ளிகளில் கட்டடம் உள்ளது, புத்தகமும் சீருடையும் இலவசம், பகலுணவோடு காலைச் சிற்றுண்டியும் உண்டு. சிற்றுண்டித் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. ஆதலால் இன்று எண்ண வேண்டியது பெஞ்சை அன்று. பெஞ்சில் அமரும் பிள்ளையை. அப்பிள்ளை எத்தனை நாள் வந்தது, என்ன கற்றது என்பதை.

சட்டம் தந்துள்ள கருவி

கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆம் பிரிவு ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று வேண்டும் என்கிறது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். ஊராட்சியின் பிரதிநிதிகளுக்கும் அதில் இடம் உண்டு. தமிழகத்தில் 2022-இல் இக்குழுக்கள் புத்துயிர் பெற்று அமைக்கப்பட்டன; 2024-இல் மீண்டும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். வெளியூர் சென்று வளமுற்றவர் மிகுந்த செட்டிநாட்டுக்கு இந்தச் சேர்க்கை பெரிதும் பயன்படத்தக்கது.

பலர் அறியாத பிரிவு அதற்கடுத்த 22-ஆம் பிரிவு. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை அக்குழுவே வகுக்க வேண்டும் என்பது அது. மூன்றாண்டுகளுக்கு ஒரு திட்டம்; அதனுள் ஆண்டுக்கொன்றாக மூன்று சிறு திட்டங்கள். வரும் ஆண்டுகளில் வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் சேர்வர், எத்தனை ஆசிரியர் தேவை, என்னென்ன வசதி தேவை என்பவற்றை மதிப்பிட்டு எழுதுதல் வேண்டும். ஏஜெண்டின் மூன்றாண்டுத் தவணையைப் போலவே இதுவும் அமைந்திருப்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் நடைமுறையில் நாம் காண்பது என்ன? பல இடங்களில் இத்திட்டத்தைத் தலைமையாசிரியர் ஒருவரே ஒரு மாலைப்பொழுதில் எழுதி முடிக்கிறார். ஏனையோர் கையொப்பம் இடுகின்றனர். அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஐந்து வகுப்புகளுக்கு இருவராக நின்று பாடம் நடத்துபவர், ஊராரின் கணக்கையும் தாமே சேர்க்க வேண்டும் என்றால் எங்ஙனம் இயலும்?

பள்ளியிலிருந்து மேலே செல்லும் விவரங்களுக்கும் பஞ்சமில்லை. 'எமிஸ்' என வழங்கும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் ஒவ்வொரு மாணவனுக்கும் தனி எண் உண்டு. வருகை கைப்பேசி வழியே பதிவாகிறது. கண்மாய்க்கு வரும் நீரெல்லாம் கலிங்கு வழியே வெளியேறி, மடை மட்டும் அடைபட்டிருந்தால் வயல் எப்படி விளையும்? விவரம் மேலே போவது நன்று. அது ஊருக்குள்ளும் பாய வேண்டும் என்பதே நமது கருத்து.

முதற் கணக்கு: ஊர்ப் பிள்ளைகள்

எடுத்துக்காட்டுக்காக ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். சாக்கோட்டை ஒன்றியத்திலோ கல்லல் ஒன்றியத்திலோ கண்மாய்ப் பாசனத்தை நம்பிய ஊர் என்று வைத்துக்கொள்ளலாம். பள்ளியில் 57 பிள்ளைகள், ஆசிரியர் இருவர். மேலாண்மைக் குழுவினர் நால்வர், மகளிர் சுயஉதவிக் குழுவினர் இருவரைத் துணைக்கொண்டு, இரண்டு மாலைகளில் வீடு வீடாகச் செல்கின்றனர். தொடக்கப் பள்ளி வயதில் ஊரில் உள்ள பிள்ளைகள் 71 பேர் என்று தெரிகிறது. 57 பேர் ஊர்ப்பள்ளியில். 11 பேர் வேனில் ஏறி நகரத்துத் தனியார் பள்ளிக்குச் செல்கின்றனர். மூவர் எந்தப் பள்ளியிலும் இல்லை.

இந்த மூவகைக் கணக்கைக் கண்டதுமே கூட்டத்தில் பேச்சு மாறிவிடும். ஏனெனில் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்; 61 முதல் 90 வரை மூவர்; 91 முதல் 120 வரை நால்வர். 57-க்கும் 61-க்கும் இடையே நான்கு பிள்ளைகளே. எங்கும் சேராத மூவரை அழைத்து வந்து, வேனில் செல்வோரில் ஒரே ஒரு பிள்ளையின் பெற்றோரை இசைவித்தால், மூன்றாம் ஆசிரியரைக் கேட்கும் உரிமை அவ்வூருக்கு வந்துவிடுகிறது.

வேனில் அனுப்பும் தாய்மாரைக் கேட்டால், ஆங்கிலத்துக்காக என்பர் சிலர். வேன் வாசலுக்கு வருகிறது என்பர் சிலர். பொறுமையாக அமர்ந்து கேட்டால் வேறொரு காரணமும் வெளிப்படும்: "ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர், என் பிள்ளையை யார் பார்ப்பார்?" பிள்ளை குறைவதால் ஆசிரியர் குறைவு, ஆசிரியர் குறைவதால் பிள்ளை குறைவு என்னும் இந்தச் சுழலில்தான் பல ஊர்ப்பள்ளிகள் அகப்பட்டுள்ளன. அது அப்படியே நீடித்தால் முடிவில் பள்ளிக் கதவுக்குப் பூட்டு விழும். பூட்டிய வீடுகளை நிறையக் கண்ட நாடு இது. சுழலை எந்த இடத்தில் அறுக்கலாம் என்பதை 61 என்னும் எண் காட்டிக் கொடுக்கிறது.

பிள்ளைகள் குறைவதெல்லாம் பள்ளியின் குற்றம் என்று கொள்ளுதல் தவறு. 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே. பிறப்பே குறைந்துவிட்டது. ஆகவே வருங்காலச் சேர்க்கையை ஆசையைக் கொண்டு மதிப்பிடாமல் அங்கன்வாடிப் பதிவேட்டைக் கொண்டு மதிப்பிடுக. இன்று அங்கு இருக்கும் இரண்டு, மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளே அடுத்த மூன்றாண்டுகளின் முதல் வகுப்பு. திட்டத்தில் கேட்கப்படும் மதிப்பீடு அந்த ஏட்டில் முன்னமே எழுதப்பட்டுள்ளது.

சராசரி மறைப்பது

அடுத்தது வருகைக் கணக்கு. தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டில் குறைந்தது 200 வேலை நாள்கள் என்பது சட்டம். வாரத்துக்கு ஒரு நாள் வராத பிள்ளையை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஐந்தில் ஒரு நாள் என்றால் ஆண்டுக்கு 40 நாள். ஐந்தாண்டில் 200 நாள். அதாவது, அப்பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்போது நான்கு ஆண்டே படித்திருக்கிறது. ஓர் ஆண்டுப் படிப்பு ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல் போய்விட்டது.

'எங்கள் பள்ளியின் வருகை நூற்றுக்குத் தொண்ணூறு' என்று கேட்டால் மனம் நிறைகிறது. நமது கற்பனைப் பள்ளியில் இதைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். 57 பிள்ளைகளுக்கும் ஆண்டில் மொத்தம் 11,400 பிள்ளை-நாள். அதில் பத்தில் ஒரு பங்கு, 1,140 நாள் வராத கணக்கு. ஒவ்வொரு பிள்ளையும் 20 நாள் வராமல் இருந்தாலும் தொண்ணூறுதான். 45 பிள்ளைகள் எட்டெட்டு நாளே வராமலிருந்து, எஞ்சிய 12 பிள்ளைகள் 65 நாள் வீதம் வராமலிருந்தாலும் அதே தொண்ணூறுதான். முதல் வகையில் காய்ச்சல், திருவிழா, மஞ்சுவிரட்டு என்று எல்லாருக்கும் பொதுவான காரணம் இருக்கும். அதற்குப் பெரிய மருந்து வேண்டியதில்லை. இரண்டாம் வகையிலோ 12 குடும்பங்களின் துயரம் ஒரு நல்ல சராசரியின் அடியில் ஒளிந்து கிடக்கிறது. கண்மாயின் ஆயக்கட்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் நல்ல விளைச்சல் எனலாம். கடைமடைக்காரனைக் கேட்டால் அல்லவா உண்மை தெரியும்!

ஆதலால் எண்ணை எடுத்தவுடன் அதைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும்: எந்த வகுப்பில், எந்த மாதத்தில், எந்தத் தெருவிலிருந்து, ஆணா பெண்ணா என்று. பெரிய தாளில் பிள்ளைக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம் வரைந்து, வராத நாளுக்குக் கருப்புப் புள்ளி வைத்தால் போதும். புள்ளிகள் எங்கே கூடுகின்றன என்பதைக் காணப் பட்டப்படிப்பு வேண்டாம். நமது கற்பனை ஊரில் அந்தப் புள்ளிகள் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னர்த் தையிலும் கூடுகின்றன என்று கொள்வோம். ஒன்று களையெடுப்பு, மற்றொன்று அறுவடை. விவசாயிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனிக் காரணத்தைத் தேட வேண்டும். 'பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்பது காரணம் அன்று. அது கூட்டத்தைச் சீக்கிரம் முடிப்பதற்கான வழி. குழுவினர் அந்த 12 வீடுகளுக்கும் சென்று வருகின்றனர். ஐந்து பேர் பெண்பிள்ளைகள். தாய் விடியலிலேயே களையெடுக்கச் செல்வதால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கின்றனர். நால்வர் வரத்துக்கால்வாய்க்கு அப்பாலுள்ள குடியிருப்பினர். மழை பெய்தால் கால்வாயைக் கடக்க இயலாது. மூவர் பெற்றோருடன் வெளியூர்ச் செங்கற் சூளைக்குச் செல்பவர். ஒரே எண்ணுக்குள் மூன்று நோய்கள். மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. கால்வாயின் மேல் சிறு பாலம் ஊராட்சியின் வேலை. கைக்குழந்தை அங்கன்வாடிப் பணியாளரோடும் மகளிர் குழுவோடும் பேச வேண்டிய செய்தி. களையெடுப்புக் காலத்தில் மட்டும் காலை ஒரு மணி நேரம் முன்னதாகக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மூதாட்டி கிடைத்தால் ஐந்து பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வருவர். சூளைக்குச் செல்வோர் விஷயம் கடினமானது. சூளை இருக்கும் ஊரின் பள்ளிக்கு முன்கூட்டித் தகவல் கொடுத்து அங்கே அமரச் செய்யலாம். முழுத் தீர்வு ஓர் ஊரின் கையில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

மூன்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஒன்றைத் தேர்ந்து, மூன்று மாதம் செய்து பார்த்து, அதே கட்டத்தாளில் புள்ளிகள் குறைந்தனவா என்று நோக்குக. குறைந்தால் நிலைநிறுத்துக; குறையாவிடில் முறையை மாற்றுக. புது விதை நெல்லை முதலாண்டிலேயே எல்லாச் செய்யிலும் விதைப்பவர் எவரும் உண்டோ?

கற்றல் கணக்கு

வருகின்ற பிள்ளை கற்கின்றதா என்பதே கடைசிக் கேள்வி. பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் நாள்தான் திறந்தன. அந்த இழப்பை ஈடுசெய்ய 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி'யும், 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் வந்தன. எண்ணும் எழுத்தும் முறையில் பிள்ளைகளை வகுப்பால் மட்டும் பிரிக்காமல், கற்றல் நிலையால் அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்கின்றனர். பெயரே பொருத்தமானது. அரும்பில் இருப்பது குற்றம் அன்று. ஆண்டு முழுவதும் அரும்பாகவே இருப்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆகவே எத்தனை பேர் மலர் என்று கேட்பதைக் காட்டிலும், சென்ற பருவத்தில் அரும்பாக இருந்தோரில் எத்தனை பேர் மொட்டாயினர் என்று கேட்பதே சிறந்த கேள்வி.

ஊராரும் நேரே அறிய ஒரு வழி உண்டு. 2005 முதல் 'ஏசர்' எனப்படும் கணக்கெடுப்பில் தொண்டர்கள் வீடுகளுக்குச் சென்று, பிள்ளையிடம் சிறு பத்தி ஒன்றைப் படிக்கச் சொல்லியும், ஒரு கழித்தல் கணக்கைப் போடச் சொல்லியும் நாட்டின் கல்வி நிலையை அளந்து வருகின்றனர். எழுத்தறியாத தாயும் தன் பிள்ளை தடுமாறுகிறதா, ஓடுகிறதா என்பதைச் செவியால் அறிவாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கணக்குக் கேட்பது அடிப்பதற்காக என்று ஆசிரியருக்குத் தோன்றிவிட்டால், அடுத்த மாதமே எல்லாப் பிள்ளைகளும் மலர்ந்துவிடுவர், ஏட்டில். பொய்க் கணக்கு, கணக்கே இல்லாமையினும் கொடியது. தவறை மறைக்கும் ஏஜெண்டை முதலாளி வெறுத்தார்; நட்டத்தை நேரே எழுதியவரை மன்னித்தார் என்பர். பள்ளியிலும் உண்மை எழுதியவருக்குத் துணை கிடைக்க வேண்டும். பிள்ளைகளின் பெயர்களையும் கூட்டத்திலோ கிராம சபையிலோ படிக்கலாகாது. எண்ணை மட்டும் படிக்க வேண்டும். பின்தங்கிய பிள்ளையின் பெயர் தெருவில் அடிபட்டால் அப்பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வருமா?

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1968-இல் மருத்துவர் ஜேம்ஸ் கோமர் என்பவர், வறியவர் பிள்ளைகள் படித்த இரண்டு தொடக்கப் பள்ளிகளில் இத்தகைய குழுமுறையைத் தொடங்கினார். ஆசிரியர், பெற்றோர், பணியாளர் ஒன்றாக அமர்ந்து திட்டமிட்டனர். அவர் விதித்தவை மூன்று: யார் மீதும் குற்றம் சாட்டாது சிக்கலைப் பேசுதல், வாக்கெடுப்பின்றி இசைவால் முடிவெடுத்தல், தலைமையாசிரியரைத் தடுக்காது, ஆனால் அவருக்கு மட்டும் விட்டுவிடாது கூடி உழைத்தல். ஜப்பானில் ஓர் ஆசிரியர் பாடம் நடத்த, ஏனைய ஆசிரியர்கள் வகுப்பின் ஓரத்தில் நின்று பிள்ளைகளைக் கவனித்து, பின்னர்ப் பாடத்தைப் பற்றி மட்டும் விவாதிக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. நம்முடைய இரண்டாசிரியர் பள்ளிகளில் இதற்கு ஆள் போதாது. ஆனால் அண்டையிலுள்ள மூன்று நான்கு பள்ளிகள் சேர்ந்தால் இயலாதது அன்று. கோமரின் முதல் விதியையாவது ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் நினைவிற் கொண்டால், ஆசிரியரும் பெற்றோரும் எதிரெதிரே அமராமல் ஒரே பக்கம் அமர்வர்.

வேலைப் பங்கீடு

வேலையைப் பங்கிடுவதில் அதிகம் சொல்வதற்கில்லை. ஊர்ப் பிள்ளைக் கணக்கு பெற்றோருக்கும் மகளிர் குழுவினருக்கும் உரியது. வருகைத் தாளைப் பள்ளியில் ஒருவர் எழுதலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே எழுதினால் அவர்களுக்கும் அது கணக்குப் பாடம். கற்றல் நிலை ஆசிரியரின் பொறுப்பு. அதில் ஊரார் தலையிடாது கேட்டறிதலே தகும். பாலம், குடிநீர், கழிப்பறை, சுற்றுச்சுவர் ஆகியவை ஊராட்சிக்கு வந்துசேரும். அவற்றில் ஊராட்சியால் இயலாதவற்றை விலையோடு தனிப்பட்டியலாக்கி முன்னாள் மாணவர்களிடம் தருக. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டமும் நன்கொடைக்கு வழி வகுத்துள்ளது. சிங்கப்பூரிலிருந்து பேசும் அன்பர் "ஊருக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால், "நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்" என்னாமல், "கழிப்பறைக்கு நீர் ஏற்றும் மோட்டார் ஒன்று" என்று விடை சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.

கிராம சபை ஆண்டில் ஆறு முறை கூடுவது தமிழகத்தில் 2022-இல் வகுத்த ஏற்பாடு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றுள் மே முதல் நாள் நமக்குச் சிறந்தது. பள்ளி விடுமுறைக் காலமாதலால் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கை அன்று படிக்கலாம். சூன் மாதம் பள்ளி திறக்குமுன் சேர வேண்டிய பிள்ளைகளைத் தேடப் பொழுது உண்டு. அக்டோபர் 2 கூட்டம் களையெடுப்புக் காலத்துக்குச் சற்று முந்தியது. அந்தப் பருவத்துக்கான ஏற்பாடுகளை அன்று முடிவு செய்யலாம். ஜனவரி 26-இல் செய்தவற்றைச் சரிபார்த்து, மறு ஆண்டுத் திட்டத்தை எழுதத் தொடங்கலாம்.

நாம் கண்டவரையில் இத்தகைய முயற்சிகள் தளர்வது ஒரே காரணத்தால்: ஊக்கமுள்ள தலைமையாசிரியர் மாறுதல் பெற்றுச் செல்கிறார், அல்லது ஆர்வமுள்ள தலைவியின் பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகிறது. புதிதாக வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார்; சில வேளைகளில் தொடங்குவதே இல்லை. இதற்குச் செட்டிநாட்டின் பழைய வழக்கமே போதும். தடித்த அட்டை போட்ட குறிப்பேடு ஒன்று வாங்குக. ஊர்ப் பிள்ளைக் கணக்கு, வருகை, கற்றல் நிலை, தேவைப் பட்டியல், எடுத்த முடிவு, அதன் பயன் என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதில் எழுதுக. தலைமையாசிரியரோ குழுத் தலைவியோ மாறும்போது, பழையவரும் புதியவரும் குழுவினர் முன்னிலையில் ஒரு மணி நேரம் அமர்ந்து, முடிந்த வேலை இது, முடியாதது இது, இந்த வீட்டுக்கு இன்னும் இருமுறை போக வேண்டும் என்று பக்கம் பக்கமாக ஒப்படைத்துக் கையொப்பம் இடுக. ஏட்டுக்கு ஒரு படி எடுத்து ஊராட்சி அலுவலகத்தில் வைப்பதும் நன்று. பள்ளி அலமாரியின் சாவி பெரும்பாலும் ஒருவரிடமே இருக்கிறது.